முயல் தீவனத்தில் பூண்டு

சந்திரலேகா,

பால் மறந்த ஏழு முயல் குட்டிகளும் காலையிலிருந்து தீவனத்தை முகர்ந்துவிட்டு விலகிப் போகின்றன. கழிச்சல் வராமலிருக்க நேற்று நான்கு பல் பூண்டு நசுக்கிக் கலந்தேன். இன்று பார்த்தால் கூடையிலிருந்த மீதிப் பூண்டும் காலி. நீயும் கலந்தாயா? கலந்திருந்தால் பூண்டு அதிகமானதுதான் காரணம். இல்லையென்றால் நோயா? ஒன்றும் புரியவில்லை. மூன்று நாளாக நாம் பேசிக்கொள்ளாததால் உன்னைக் கேட்காமலே கலந்துவிட்டேன்.

ஒரு குட்டியோடு கச்சிராயபாளையம் கால்நடை டாக்டரிடம் போகிறேன். மற்ற ஆறுக்கும் முருங்கை இலை மட்டும் வை. உனக்குக் களி மூடி வைத்திருக்கிறேன்.

நீயும் பூண்டு கலந்தாயா என்றுதான் டாக்டரும் கேட்பார். வந்ததும் போன் பண்ணு.

அஜய்

"உன்னாண்ட பேசறதுக்கு முயலாண்ட பேசலாம்யா" என்றாயே. இன்று அவையும் முகம் திருப்பிப் படுத்திருக்கின்றன. நீயாவது பேசு.