ஷிஃபாவைக் குருநாகல் வழியாக அனுப்பியது

ஜூன் 17, செவ்வாய்

விடியற்காலையிலிருந்து கண்டியில் மழை. மாடியில் வாடகைக்கு இருக்கும் மூன்று வெளிநாட்டுப் பிள்ளைகளில் மாலைதீவுக்காரி ஷிஃபாவுக்கு வியாழன் மாலை விமானம். வெள்ளிக்கிழமை அவள் அக்காவுக்குக் கலியாணம். இதை விட்டால் இனி விமானத்தில் இடம் சனிக்கிழமைதான்.

“கட்டுநாயக்கா ஏர்போர்ட்டுக்கு எதில் போவது ஆன்ட்டி?” இங்கிலீஷில் கேட்டாள். நல்ல ஆளிடம்தான் கேட்டிருக்கிறாள். யாழ்ப்பாணம், திருகோணமலை, அறுகம்பை என்று எத்தனை பிள்ளைகளை அனுப்பியிருக்கிறேன். ஒருத்தியும் வழி தவறியதில்லை.

வேன் – வசதி. வளைவில் இவளுக்கு வாந்தி.
ஏசி பஸ் – அதே வாந்தி.
ரயில் – கொழும்புக் கோட்டை வரை, பிறகு ஏர்போர்ட் பஸ். இதுதான் சரி.

என் வீட்டுக்காரர் பேப்பருக்குப் பின்னாலிருந்து: “பேசாம வேன் ஒண்ணு சொல்லிருவோமே.”
“நீங்க சும்மா இருங்க.”

ஜூன் 18, புதன்

மழை விடவில்லை. ரயில் டிக்கெட் எடுத்தாச்சு. ஷிஃபாவின் சூட்கேஸில் பாதி தேயிலை.

சாயங்காலச் செய்தி: பலனையில் தண்டவாளத்தில் கல். ரயில் இல்லை. கடுகண்ணாவையில் மண் சரிந்து கொழும்பு ரோடும் மூடியாச்சு. வீட்டுக்காரர் என்னைப் பார்த்துவிட்டுப் பேப்பரை விரித்துக்கொண்டார். ‘வேன்’ என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். வேனுக்குக் கேட்டால் எல்லா வேனும் போய்விட்டதாம்.

சரி. குருநாகல் வழி. கண்டி–குருநாகல் ஒரு பஸ், குருநாகல்–நீர்கொழும்பு இன்னொன்று. அங்கிருந்து ஏர்போர்ட் பக்கம்தான். ஷிஃபாவின் முகம் வாடிப்போனது. “குருநாகல் வரை நானும் வருகிறேன்” என்றேன்.

ஜூன் 19, வியாழன்

பஸ் ஸ்டாண்டில் ஊரே நின்றது. கொழும்புக்குப் போகிறவர்களும் குருநாகல் பஸ்ஸுக்குத்தான். சூட்கேஸை ஷிஃபா இழுத்து வந்தாள், அவளுடைய தோள்பை என்னிடம். பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியாக சீட் பிடிக்கிறார்கள். சிலர் கைக்குட்டை போட்டார்கள். எனக்குக் கைக்குட்டையில் நம்பிக்கை இல்லை. தோள்பையைப் போட்டேன். முன் சீட், ஜன்னல் ஓரம். அங்கே உட்கார்ந்தால் வாந்தி வராது. குறி தப்பவில்லை.

வாசலில் சூட்கேஸ் மாட்டிக்கொண்டது. தள்ளுமுள்ளு. நாங்கள் கீழே. டைம்கீப்பர் விசில். பஸ் போய்விட்டது.

ஷிஃபா மெதுவாக: “ஆன்ட்டி, பாஸ்போர்ட் அந்தப் பையில்.”

அவள் அழவில்லை. அழுதிருந்தால் நான் ஏதாவது சொல்லித் தேற்றியிருப்பேன்.

ஆட்டோ பிடித்தோம். ஓட்டியவர் அக்குறணைக்காரர். “பதறாதீங்க அக்கா. கட்டுகஸ்தோட்டையில ஆளேத்தாம பஸ்காரன் நகர மாட்டான்.” சூட்கேஸ் என் மடியில். வழியெல்லாம் நான் மாதாவே, மாதாவே. பக்கத்தில் அவளும் ஏதோ ஓதிக்கொண்டே வந்தாள்.

கட்டுகஸ்தோட்டையில் பஸ் நின்றிருந்தது. மிதிபலகையில் ஆள் தொங்கல். இடித்துக்கொண்டு ஏறினால், உள்ளே வயதான ஒருவர் கம்பியைப் பிடித்தபடி நிற்கிறார். அவருக்குப் பக்கத்தில் சீட் காலி. சீட்டில் பை. அத்தனை கூட்டத்தில் ஒருவரும் அதில் உட்காரவில்லை, பையை நகர்த்தக்கூட இல்லை.

“பை போட்டா ஆள் வருந்தானே” என்றார் அவர்.

உட்கார்ந்த ஷிஃபா எழுந்து அவரை உட்காரச் சொன்னாள். “ஒக்காரு மகள், ஒன் சீட்டு” என்று மறுத்துவிட்டார். எனக்கு நிற்கவும் இடமில்லை. சூட்கேஸை டிரைவர் பக்கத்தில் தள்ளிவிட்டு இறங்கினேன். கையைக்கூட ஆட்டவில்லை, பஸ் கிளம்பிவிட்டது.

மாலை வரை போன் கையிலேயே. குருநாகல். நீர்கொழும்பு. பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை. கடைசியில்: “விமானத்தில் உட்கார்ந்துவிட்டேன்.” அப்போதுதான் சோறு இறங்கியது.

வீட்டுக்காரரிடம் பை கதையைச் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

ஜூன் 21, சனி

வெயில். கலியாணப் படங்கள் அனுப்பியிருக்கிறாள். ஒன்றில் அக்காவும் இவளும் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள், இரண்டு பேர் கண்மையும் கரைந்து ஒழுகுகிறது. பார்த்துக்கொண்டே இருந்ததில் பருப்பு அடிப்பிடித்தது.

பிறகு குரல் செய்தி, பாதி தமிழில்: “அடுத்த வியாழன் வாறேன் ஆன்ட்டி. அதே வழி, தனியா. எனக்குத் தெரியும். நீங்க பஸ் ஸ்டாண்டுக்கு வர வேணாம்.”

தெரியுமாம். பெருமையாகத்தான் இருக்கிறது. வர வேண்டாமாம்.

வியாழக்கிழமை டவுனில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. ஒன்று உண்டாக்க வேண்டும்.