ஜெபா வாசித்த பக்கம்

8 ஜூலை, திங்கள்

விடியலிலிருந்து மழை. துணி காயவில்லை. ஜெபா யூனிஃபார்மை இஸ்திரி போட்டே உலர்த்தினேன்.

சாயந்திரம் இங்கிலீஷ் பாடம். வழக்கம்போல கடகடன்னு வாசித்தாள். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டேன். எட்டிப் பார்த்தால் புத்தகத்தில் யானைப் படம். அவள் வாசித்தது கிணற்றுப் பாடம்.

"ஏட்டி, இது எந்தப் பக்கம்?"

விரல் மட்டும் வரிமேல் ஓடிக்கொண்டே இருந்தது.

நாலாம் வகுப்பு. ஒன்பது வயது. இத்தனை நாளும் வகுப்பில் காதில் விழுந்ததை ஒப்பித்திருக்கிறாள். ஸ்கூல் டைரியில் தினமும் 'படித்தாள்' என்று கையெழுத்துப் போட்டவள் நான்.

10 ஜூலை, புதன்

வேலை பார்க்கிற லேபில் அரை நாள் லீவு. ஸ்கூல். டீச்சர் நல்லவங்கதான். வகுப்பில் அறுபது பிள்ளை. வாயால் கேட்டால் எல்லாம் சொல்கிறாள், பேப்பரில் ஒன்றும் இல்லை என்று ஹிந்தியில் சொன்னாங்க. ஆஸ்பத்திரியில் டெஸ்ட் எடுக்கணுமாம். சர்ட்டிஃபிகேட் இருந்தால் பரீட்சையில் கேள்வியை வேறொருத்தர் வாசித்துக் காட்டுவார்களாம்.

மதினியிடம் சொன்னேன். "டிவிய மூடு. எல்லாம் சரியாப் போவும்."

ஓமனிலிருந்து ஜெபா அப்பா போன். அவங்ககிட்டயும் சொன்னேன்.

"எம்பிள்ளைக்கு ஒரு கொறையும் கெடையாது. ஆஸ்பத்திரில சீட்டு வாங்குனன்னா, உன்ட்ட பேசவே மாட்டேன் பாத்துக்க."

வைத்துவிட்டாங்க.

ஞாயிறு தமிழ் சர்ச்சில் எத்தனையோ பேர். இதைச் சொல்ல ஒரு ஆள் இல்லை.

நாளைக்கு:
ரெயின்கோட் பட்டன்
பச்சை மிளகாய்
மார்க் ஷீட் ஜெராக்ஸ்

22 ஆக., வியாழன்

ஆஸ்பத்திரி, மூன்றாம் தடவை. பெஞ்சில் மூணு மணி நேரம். பக்கத்தில் ஒரு மராத்திக்காரம்மா, மடியில் டிபன் டப்பா. ஒருவருக்கொருவர் சிரித்துக்கொண்டதோடு சரி.

டிஸ்லெக்ஸியா. டாக்டரம்மா பேப்பரில் எழுதிக் கொடுத்தாங்க. "அறிவில் ஒரு குறையும் இல்லை. இவளுக்குப் படிக்கச் சொல்லித்தருகிற முறைதான் வேறு." தினம் கால் மணி நேரம். தட்டில் ரவை பரப்பி விரலால் எழுத்து, எழுதும்போதே சத்தமாகச் சொல்லணும். திட்டக் கூடாது.

சர்ட்டிஃபிகேட் படிவத்தில் நான் மட்டும் கையெழுத்து.

ஜெபா அப்பா தினம் போன் பண்றாங்க. ஜெபாவிடம் மட்டும். என்னைக் கேட்பதில்லை. நானும் சும்மா இருக்கிறேன்.

5 செப்., வியாழன்

ரவைத் தட்டு, பதிமூணாம் நாள். இன்று 'th' பிடிபட்டது. ஓடி வந்து கட்டிக்கொண்டாள். என் நைட்டி பூரா ரவை. உடனே யாருக்காவது சொல்லணும் போல இருந்தது. போனை எடுத்தேன், பெயர்களைத் தள்ளிப் பார்த்தேன், வைத்துவிட்டேன்.

8 அக்., செவ்வாய்

பரீட்சை. தனி ரூம். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேள்வி வாசித்தாளாம்.

"அக்கா மெதுவா வாசிச்சாம்மா. நான் எல்லாத்துக்கும் சொன்னேன்."

வழியெல்லாம் அதே பேச்சு. எதிரில் வந்த பஸ் நம்பரையும் சத்தமாகப் படித்தாள்.

ஆறு மணிக்கு ஜெபா அப்பா போன். ஜெபா ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். அப்பாவிடம் சொல்லாதே என்று சொல்லி வைத்திருந்தேன். சொல்லிவிட்டாள்.

"அப்பா, எனக்கு வாசிக்க வரமாட்டேங்குல்லா, அதுக்கு ஒரு பேர் இருக்குப்பா."

அவங்க குரலை இறக்கிச் சொன்னாங்க.

"ஏட்டி, எங்க பள்ளிக்கூடத்துல அதுக்குப் பேரு பிரம்படி."

"உங்களுக்குமாப்பா?"

"ம்."

கல்யாணமாகிப் பதினோரு வருஷம். எனக்குத் தெரியாது.

"அம்மாட்ட குடு" என்றாங்க. கை ஈரம். நைட்டியில் துடைத்துக்கொண்டு வாங்கினேன்.