அவசரப் பிரிவுக்கு ஒரு கதவு

மார்ச் 4

அன்புள்ள டாக்டர் அண்ணனுக்கு,

நீங்களும் அண்ணியும் நலமா? எனக்குத் தையல் பிரித்தாயிற்று. இடது காது மட்டும் இனிக் கேட்காதாம். "இனிமே நான் திட்டுனா பாதிதான் உன் காதுல விழும்" என்று வீட்டுக்காரர் சிரிக்கிறார். அப்புறம் பின்பக்கம் போய் முகம் கழுவிக்கொண்டு வருகிறார்.

குளுக்கோஸ் பாட்டில் மாட்டும் இரும்பு ஸ்டாண்டைத் தூக்கி என்னை அடித்த பையன் மேல் எனக்குக் கோபமில்லை. அவனுடைய அண்ணன் அப்போதுதான் எங்கள் கண்முன்னே இறந்திருந்தான். ஆனால் அவசரப் பிரிவுக்குப் பூட்டக்கூடிய கதவு வேண்டுமென்று போன வருஷமே கேட்டோம். நீங்களோ, இருந்த ஒரு காவலாளியையும் கார் நிறுத்துமிடத்துக்கு மாற்றிவிட்டீர்கள். எனக்காகக் கேட்கவில்லை. என்னோடு நர்ஸாக இருந்த சின்ன சிஸ்டர் இன்னும் அங்கேதானே வேலை பார்க்கிறாள்?

அன்புத் தங்கை

மார்ச் 11

அன்புள்ள சிஸ்டரம்மாவுக்கு,

நீங்கள் இல்லாமல் ஆஸ்பத்திரியில் களையே இல்லை. மூன்று கட்டிலோடு ஆரம்பித்த நாளிலிருந்து கூட நின்றவர் நீங்கள். வைத்தியச் செலவைப் பற்றிக் கவலை வேண்டாம்.

கதவு விஷயம் மனதில் இருக்கிறது. புது ஸ்கேன் கருவி வந்து இறங்கட்டும், அடுத்த வேலை அதுதான். வாசலில் ஆளை நிறுத்தினால் வருகிறவர்கள் மிரளுவார்கள் என்கிறார் நிர்வாகி. நாமெல்லாம் ஒரே குடும்பம். பேசும் விதத்தில் கொஞ்சம் பக்குவம் இருந்தால் எதையும் சமாளித்துவிடலாம், இல்லையா?

என்றும் உங்கள் அண்ணன்

மார்ச் 19

அன்புள்ள அண்ணனுக்கு,

பேசும் விதம் என்று எழுதியிருந்தீர்கள். அன்றைக்கு அந்தப் பையனிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: "உக்காருப்பா, கொஞ்சம் தண்ணி குடி." இதில் எந்தச் சொல்லை மாற்றியிருக்க வேண்டும் என்று யோசித்துப் பார்க்கிறேன், பிடிபடவில்லை.

குடும்பம் என்றும் எழுதியிருந்தீர்கள். பெண்பிள்ளையைத் தனியே விட்டுவிட்டு, வாசலைத் திறந்து போட்டுப் போகிற குடும்பம் உண்டா அண்ணா?

தங்கை

மே 2

சிஸ்டரம்மாவுக்கு,

எப்படி எழுதுவதென்றே தெரியவில்லை. குடித்துவிட்டு வந்த ஒருவன் சின்ன சிஸ்டரைச் சுவரோடு சேர்த்துத் தள்ளிவிட்டான். வலது மணிக்கட்டு நொறுங்கிவிட்டது. பழையபடி ஊசி பிடிக்க முடியுமா என்று எலும்பு டாக்டரால் சொல்ல முடியவில்லை.

இப்போது கதவு போட்டாகிவிட்டது. இரண்டு காவலாளிகள் நிற்கிறார்கள். திரும்பி வாருங்கள். நர்ஸ்களுக்கெல்லாம் தலைமைப் பொறுப்பு உங்களுக்குத்தான். மறுக்காதீர்கள்.

அண்ணன்

மே 8

மதிப்பிற்குரிய டாக்டருக்கு,

நான் வரவில்லை. யாராவது பின்னால் வந்து நின்றால் எனக்குத் தெரிவதில்லை. தொட்டால் தூக்கிவாரிப் போடுகிறது. நோயாளியைத் தொடுகிறவள் அப்படிப் பதறக் கூடாது.

ஒன்று மட்டும் செய்யுங்கள். சின்னவள் வீட்டுக்கு நீங்களே போங்கள், நிர்வாகியை அனுப்பாதீர்கள். எதிர்பாராமல் நடந்துவிட்டது என்று மட்டும் அங்கே சொல்லிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
பழைய சிஸ்டர்

மே 15

சிஸ்டரம்மா,

போனேன். சின்னவள் மாத்திரை மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் அம்மாதான் நாற்காலி எடுத்துப் போட்டார்.

"என் பொறுப்புதாம்மா. நான் பாத்திருக்கணும்" என்றேன்.

அவர் அழவில்லை, ஏசவும் இல்லை. "இப்ப கதவு போட்டுட்டீங்களாமே. போட எத்தனை நாளாச்சு டாக்டர்?" என்று கேட்டார்.

"ஒரு நாள்மா."

"ஒரே நாளா?" என்றார். பிறகு எழுந்து மகள் இருந்த அறைக்குள் போய்விட்டார்.

வெகுநேரம் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். அவர் வெளியே வரவே இல்லை. நானே கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.