வெள்ளியை நம்பினாய், அண்ணா

அண்ணா,

இன்று காலை சேலத்தில் எங்கள் லேபில், வெள்ளிக் கரைசலில் ஊறிய சிறுநீர் வடிக்கும் குழாய் ஒன்றை வெளியே எடுத்தேன். பால் நிறத்தில் இருந்த சிலிகோன் குழாய் டீ டிகாஷன் நிறமாகியிருந்தது. உன் நினைவு வந்துவிட்டது. கையுறையைக்கூடக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

போர்வெல் ரிக்கிலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வு போனபின், மல்லசமுத்திரத்து வீட்டில் இந்த மாதிரிக் குழாயோடுதானே கிடந்தாய்? அப்போது வெள்ளிப் பூச்சு போட்ட குழாய்த் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து காட்டினேன். "என்ன அம்மிணி, வெள்ளிங்கற, பித்தளையாட்டம் இருக்குது?" என்று சிரித்தாய். கண்ணுக்கே தெரியாத பொடியானால் வெள்ளிக்கு அந்த நிறம்தான் வரும், அது கொஞ்சங் கொஞ்சமாகக் கசிந்து குழாயில் ஒட்டவரும் கிருமியைக் கொல்லும் என்றேன். அன்றைக்கு எனக்கு ஒரே பெருமை.

"அப்பறம் என்ன, எனக்கும் ஒண்ணு போட்டுடு சாமி."

சோதனை முடியாததை மனுசர் உடம்பில் போடக் கூடாதுண்ணா என்றேன். அது சரிதான், இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன். நீ உடனே உன் வெள்ளி அரைஞாண்கொடியைத் தூக்கிக் காட்டினாய். "இதும் வெள்ளிதான? டியூப்பச் சுத்தி உட்டாப் போச்சு!" விழுந்து விழுந்து சிரித்தேன். கெட்டி வெள்ளியை மேலே சுற்றினால் ஒரு பயனும் இல்லை, கிருமி சாகாது என்று ஒரு வார்த்தை சொன்னேனா, பாவி! நீ வேடிக்கை பேசுகிறாய் என்றே நினைத்தேன்.

குளிர்காய்ச்சலில் உன்னைத் தூக்கிவந்த அன்று ஆஸ்பத்திரியில் போர்வையை விலக்கினார்கள். குழாயில் அந்தக் கொடி சுற்றியிருந்தது. குழாய் மாற்ற ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டபோதெல்லாம், "வெள்ளி இருக்குது, தங்கச்சியே சொல்லிப்போட்டா, அப்பறம் பாக்கலாம்" என்று தள்ளிப்போட்டாய் என அண்ணி அழுதார். கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டிருந்தது. நீ வீடு திரும்பவில்லை.

அண்ணி என்னை ஒரு சொல் சொன்னதில்லை. "நீ என்ன கண்ணு பண்ணுவ" என்கிறார். என்ன பண்ணுவேனா? வாயைத் திறந்திருப்பேன்! அந்தக் கொடி உதவாது என்று வீட்டில் தெரிந்தவள் நான் ஒருத்திதானே.

இப்போது இந்தப் பூச்சைப் பார்க்க யார் வந்தாலும், "வெள்ளியை நம்பி இருந்துடாதீங்க, குழாயை நாள் தவறாம மாத்தோணுங்க" என்றுதான் பேச்சையே ஆரம்பிக்கிறேன். சிலர் தலையாட்டுகிறார்கள், சிலர் காதில் போட்டுக்கொள்வதில்லை.

நீ கேட்டிருப்பாய், அண்ணா. நான் எதைச் சொன்னாலும் நம்புகிறவன் நீ.