மூன்றாம் நம்பர் டோக்கன்

என் கணக்கு டீச்சருக்கு,

இன்று சாயங்காலம் பிரஷர் மாத்திரை எழுதி வாங்கப் பாலக்கரை டாக்டரிடம் போயிருந்தேன். கம்பவுண்டர் பேரை எழுதிக்கொண்டு ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் வில்லையை என் கையில் வைத்தார். மூன்றாம் நம்பர். சீக்கிரமே வந்துவிட்டீர்கள், இன்று உங்களுக்கு அதிர்ஷ்டம்தான் டீச்சர் என்றார். நான் வில்லையை அவர் மேஜையிலேயே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். மாத்திரையை நாளைக்கு வாங்கிக்கொள்ளலாம். இன்றைக்கு உன்னோடு எனக்கு ஒரு சண்டை இருக்கிறது.

நீ போய் மூன்று வருஷமாகிறது. போனவர்களைப் பற்றிக் குறை சொல்லக் கூடாது என்பார்கள். சொல்லத்தான் போகிறேன். பதினெட்டு வருஷம் ஒரே ஸ்டாஃப் ரூமில் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறோம். நீ ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் பிடித்துச் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, மணி அடிக்க இரண்டு நிமிஷம் இருக்கும்போது மூச்சு வாங்க வருவாய். நான் அதற்குள் அட்டெண்டன்ஸ் கையெழுத்தைப் போட்டுவிட்டு உன்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பேன். சிஸ்டர்கள் நடத்தும் பள்ளியில், ஏகாதசி தவறாமல் பட்டினி கிடக்கிற நீயும், வெள்ளிக்கிழமை கறி சாப்பிடாத நானும் தயிர்சாதத்தில்தான் ஒன்று சேர்ந்தோம். மற்றவர்களுக்கு நான் தமிழம்மா, நீ மேத்ஸ் மிஸ். எனக்கு நீ வெறும் கணக்கு.

படபடப்பு உனக்கு முதலில் வந்தது வகுப்பில். கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தவள் சாக்பீஸை வைத்துவிட்டு மணிக்கட்டைப் பிடித்து எண்ணியிருக்கிறாய். இடைவேளையில் வந்து என்னிடம் சொன்னாய், ஏதோ பிள்ளைகள் செய்த தப்புக் கணக்கைச் சொல்வதுபோல.

"நாலு அடி ஒழுங்கா வருது. அஞ்சாவது வரல. அப்புறம் ரெண்டு சேர்ந்து வருது. இது எந்த வரிசையிலும் சேராது தமிழம்மா."

நான் சிரித்தேன். நீயும் சிரித்தாய். ஒரு நிமிஷத்தில் அது நின்றுவிட்டது. இப்படியே இரண்டு மாதம் வந்து வந்து போனது. கடைசியில் நான்தான் உன்னை இழுத்துக்கொண்டு ஸ்ரீரங்கத்தில் உங்கள் வீட்டு டாக்டரிடம் போனேன். உன் கல்யாணமான நாளிலிருந்து அவர்தான் உங்களுக்கு எல்லாம். உன் இரண்டு பிள்ளைகளுக்கும் தடுப்பூசி போட்டவர், உன் மாமியாருக்குக் கடைசி வரை வீட்டுக்கே வந்து பார்த்தவர். ஈசிஜி எடுத்தார். நார்மல். நீ என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, இதற்கா என்னை இழுத்து வந்தாய் என்று.

ஆனால் அந்த மனுஷர் அதோடு விடவில்லை. பேப்பர் நார்மலாக இருப்பதற்கு அர்த்தம், எடுத்த அந்த நேரத்தில் இதயம் ஒழுங்காக அடித்தது என்பதுதான், மற்ற நேரத்துக்கு இது சாட்சி இல்லை என்றார். இருபத்துநாலு மணி நேரம் உடம்பில் மாட்டிப் பார்க்கும் மிஷின் ஒன்று இருக்கிறது, பெரிய ஆஸ்பத்திரியில் போய் மாட்டிக்கொள்ளுங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். பரீட்சை முடியட்டும் என்று நீ அதைக் கைப்பையில் மடித்து வைத்தாய். எழுந்திருக்கும்போது அவர் பேனாவை மூடிவிட்டுச் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

"சில நொடி தடுமாறி சரியாயிடுச்சுன்னா பயப்படாதீங்க, அடுத்த தடவை வரப்ப சொல்லுங்க. ஆனா படபடப்பு நிக்கவே இல்ல, கூடவே தலை சுத்துது, கண்ணு இருட்டுது, மூச்சு முட்டுது, நெஞ்சு வலிக்குது, இதுல ஏதாவது ஒண்ணு இருந்தாலும் என்கிட்ட வராதீங்க. நேரா எமர்ஜென்சிக்குப் போங்க. எனக்கு போன்கூடப் பண்ண வேண்டாம்."

வெளியே வந்து நாம் அதற்கும் சிரித்தோம். வருகிற பேஷண்டை வராதே என்கிற டாக்டரை இந்த ஊரில் இப்போதுதான் பார்க்கிறேன் என்றாய். இவ்வளவு தெளிவாகச் சொன்னதைப் படித்த இரண்டு டீச்சர்கள் காதில் வாங்கி வேடிக்கையாக்கினோம். ஒரு பிள்ளை வகுப்பில் அப்படிச் செய்திருந்தால் வெளியே நிறுத்தியிருப்போம்.

அன்று ஏகாதசி, இரண்டாம் சனிக்கிழமை, பள்ளி விடுமுறை. பதினொரு மணிக்கு நீ போன் செய்தாய். ஒன்பதிலிருந்து படபடவென்று அடிக்கிறது, இந்தத் தடவை நிற்கவில்லை என்றாய். குளித்துவிட்டு நிமிர்ந்தபோது கண் இருட்டிக்கொண்டு வந்து சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாயாம். மாடிப்படி நாலு ஏறினால் மூச்சு முட்டுகிறதாம். டாக்டர் சொன்னவற்றில் ஒன்று அல்ல, மூன்றை நீயே வரிசையாகச் சொன்னாய். கேட்டுக்கொண்டிருந்த எனக்குப் பொறி தட்டவில்லை. அதை நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

விரதம்தான் காரணம் என்றாய். சொட்டுத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, அதனால்தான் தள்ளாட்டம், நாளைக்குத் துவாதசிப் பாரணை முடிந்து சாப்பிட்டால் சரியாகிவிடும் என்றாய். உன் பெருமாள் உன்னிடம் அப்படி என்ன கேட்டார்? உடம்பு முடியாதவர்கள் பட்டினி கிடக்க வேண்டாம் என்று நீயே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறாய். உனக்கு மட்டும் அந்தச் சலுகை கிடையாதாக்கும்.

நான் ஆஸ்பத்திரி என்று வாயெடுத்தேன். அதற்கு நீ சொன்ன பதில்தான் என்னை இன்றைக்கும் எரிக்கிறது.

"நம்ம டாக்டரை விட்டுட்டு வேற எங்கேயோ போய் நின்னா நன்னாவா இருக்கும்? இத்தனை வருஷமா பாக்கறவர், மனசு சங்கடப்படாதா? அஞ்சரைக்கு வரார். டோக்கன் போட்டாச்சு, மூணாம் நம்பர்."

அவர்தானே வராதே என்றார். அவர் மனசு சங்கடப்படும் என்று அவர் சொன்னதையே மீறினாய். இப்படி ஒரு மரியாதையை நம் ஊரில் தவிர வேறெங்கே பார்க்க முடியும்? உயிர் ஊசலாடுகிற நேரத்தில்கூட யார் மனமும் கோணக் கூடாது. அதற்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா? உனக்குத் தெரியும், நீதானே கேட்டாய். "மூணாம் நம்பரா, அப்ப பரவாயில்ல, சீக்கிரம் பாத்துருவாரு" என்றேன். சொல்லிவிட்டு, தேய்க்க எடுத்து வைத்திருந்த புடவைகளைத் தேய்க்கப் போனேன்.

மீதியை உன் வீட்டுக்காரர் பிறகு என்னிடம் சொன்னார். பாவம், அவர் 108-ஐக் கூப்பிடட்டுமா என்று மத்தியானம் இரண்டு தடவை கேட்டிருக்கிறார். வேண்டவே வேண்டாம் என்றாயாம். வண்டி சத்தம் போட்டுக்கொண்டு வந்து நின்றால் வீதியே வாசலில் வந்து நிற்கும், அத்தனை பேருக்கு நடுவில் ஸ்ட்ரெச்சரில் போய்விட்டு, அங்கேயும் நார்மல் என்று சொல்லித் திருப்பி அனுப்பினால் எந்த முகத்தோடு திரும்பி வருவது என்று கேட்டாயாம். நார்மல் என்று வந்துவிடுமோ என்று பயந்த ஒரே நோயாளி நீயாகத்தான் இருப்பாய் என்று அப்போது நினைத்தேன். இல்லை. விசாரித்துப் பார்த்தால் வீட்டுக்கு ஒருத்தி இருக்கிறாள்.

நாலு மணிக்குக் கூடத்தில் சரிந்துவிட்டாய். முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். விசிறினார்கள். அவர் முதலில் போன் செய்தது கிளினிக்குக்கு, டாக்டர் வந்துவிட்டாரா என்று கேட்க. அங்கே இருந்த கம்பவுண்டர்தான் சத்தம் போட்டு 108-ஐக் கூப்பிடச் சொல்லியிருக்கிறார். நெஞ்சை அழுத்திவிட வேண்டும் என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. எனக்கும்தான் தெரிந்திருக்காது. வண்டி சீக்கிரமாகவே வந்தது, அதற்குள் நீ போய்விட்டிருந்தாய். நாம்தான் ஏழு மணி நேரம் கழித்துக் கூப்பிட்டோம்.

நான் வந்தபோது உன்னைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். அதற்கப்புறம் நடந்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. வந்தவர்கள் எல்லோரும் உன்னைக் கும்பிட்டார்கள், வாஸ்தவம். கும்பிட்டுவிட்டு என்ன சொன்னார்கள் தெரியுமா? ஏகாதசி மரணம், துவாதசி தகனம், யாருக்குக் கிடைக்கும் இந்த பாக்கியம் என்றார்கள். சுமங்கலியாகப் போய்விட்டாள், படுக்கையில் விழாமல் போய்விட்டாள், பெருமாள் நேரில் வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டார் என்றார்கள். நல்ல மனசோடுதான் சொன்னார்கள். உன் வீட்டுக்காரர் அதைக் கேட்டுக் கேட்டுக் கொஞ்சம் ஆறுதல் அடைந்ததையும் பார்த்தேன். அதனால் வாயை மூடிக்கொண்டிருந்தேன். நீ போக வேண்டிய வேளை வந்து போகவில்லை. உனக்கு ஐம்பத்திரண்டு வயசு. போக வேண்டிய இடத்துக்குப் போகாமல், மூன்றாம் நம்பர் டோக்கனுக்காக உட்கார்ந்திருந்து போனாய். அதை பாக்கியம் என்று சொல்லிவிட்டால், அடுத்த வீட்டில் ஒருத்தி நாளைக்கு அதேபோல உட்கார்ந்திருப்பாள். அந்த வீதியில் யாருமே அன்று நீ ஏன் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை என்று கேட்கவில்லை.

உங்கள் ஆட்களை மட்டும் சொல்கிறேன் என்று நினைக்காதே. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் எங்கள் ஆட்களிடம் சொன்னேன். ஆண்டவருடைய சித்தம் என்றார்கள். ஆண்டவர் பாவம், இப்படி எத்தனைதான் அவர் தலையில் விழும்.

சரி, இதையும் கேள். போன மாதம் பள்ளியில் பெற்றோர் கூட்டம். நம் சரித்திர டீச்சர், நாம் டிபன் பாக்ஸைத் திறந்தால் மூன்றாவதாக வந்து உட்காருவாளே, அவள் வராந்தா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் வேர்த்திருந்தது. என்ன என்றேன். அரை மணியாக நெஞ்சு படபடக்கிறது, தலை சுற்றுகிறது, கேஸாக இருக்கும், ஒரு சோடா வாங்கி வரச் சொல்லுங்கள் என்றாள். கீழே உட்கார வைத்தேன். மணிக்கட்டைப் பிடித்தேன். உன்னைப் போல எனக்கு எண்ணத் தெரியவில்லை. எண்ணவும் வேண்டியிருக்கவில்லை. 108-ஐக் கூப்பிட்டேன்.

அவள் என் கையைப் பிடித்துத் தடுத்தாள். பேரண்ட்ஸ் எல்லாம் வந்திருக்காங்க, தயவுசெய்து வேண்டாம் என்றாள். தலைமையாசிரியை சிஸ்டர்கூட, ஆட்டோவில் அனுப்பலாமே, எல்லோரும் பயந்துவிடுவார்களே என்றார். நான் போனில் பள்ளிக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தேன். வண்டி பள்ளி கேட்டுக்குள் வந்தது, சத்தத்தோடுதான். நானூறு பேர் பார்க்க அவளை ஸ்ட்ரெச்சரில் ஏற்றினார்கள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நானும் கூடவே ஏறினேன்.

அங்கே ஒன்றுக்கு மூன்று ஈசிஜி எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், ஒரு நாள் மானிட்டரில் வைத்திருந்தார்கள். பயப்படும்படி ஒன்றுமில்லை என்று மறுநாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே இருந்த சின்ன வயசுப் பெண் டாக்டரிடம், அப்படியானால் நான் அவசரப்பட்டுவிட்டேனா என்று கேட்டேன். "வீட்ல உக்காந்துகிட்டு இத யாராலயும் கண்டுபிடிக்க முடியாதும்மா. கூட்டிட்டு வந்ததுதான் சரி" என்றாள். நான் அங்கேயே, அந்தப் பெண்ணின் முன்னாலேயே அழுதுவிட்டேன். அவள் சரித்திர டீச்சருக்காக அழுகிறேன் என்று நினைத்து என் தோளைத் தட்டினாள்.

சரித்திர டீச்சர் ஒரு மாதமாக என்னுடன் பேசுவதில்லை. நானூறு பேர் முன்னால் தன் மானத்தை வாங்கிவிட்டேன் என்று எல்லோரிடமும் சொல்கிறாளாம். டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போய்விட்டாள். எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். உயிரோடு இருந்துகொண்டு என்னுடன் பேசாமல் இருக்கிறாள். நான் தினமும் அதை ஆசை தீரப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நீயும் என் மேல் இப்படி ஒரு ஜென்மக் கோபத்தோடு, எனக்கு முகம் கொடுக்காமல், அந்த ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்திருக்க வேண்டியவள்தானடி.

தமிழம்மா