ஒற்றை ஆள் கோர்வை

அண்ணா,

காலையில் உன் வீட்டுப் பக்கச் சுவரை நனைத்துச் சுரண்டினேன். ஈரச் சுண்ணாம்பு வாடை மூக்கில் ஏறியதும் உன்மேல் இருந்த பழைய ஆத்திரமும் கூடவே ஏறியது. செத்தவரைத் திட்டக்கூடாது என்பார்கள். நான் திட்டத்தான் எழுதுகிறேன்.

அந்தச் சுவரில் படம் போடச் சொன்னவனே நீதான். படத்தில் கும்பினித் துரை கத்தியோடு வந்து தறியிலிருந்தே சேலையை அறுக்கிறான். நெசவாளிக்கு உன் முகம். "தொப்பைய இன்னும் பெருசா போடும்மா, நம்மள உறிஞ்சிக் குடிச்ச பய" என்று பக்கத்தில் நின்று குதித்தாய். தறியில் உனக்கு வலப்பக்கம் அண்ணியை உட்கார வைத்தேன். கரை நூல் ஓடும் நாடாவைத் தள்ளிக்கொண்டே துரையை முறைக்கும் அண்ணி. உன் முகம் சுருங்கிவிட்டது.

"வெள்ளைக்காரன எவ்ளோ கேவலமா வேணா போடு. வூட்டுப் பொம்பளைய எதுக்குத் தெருவுல இழுக்குற? பொண்டாட்டி ஒழைப்புல தின்றான்னு சிரிப்பானுங்க."

"தின்னலையா?" என்று கேட்டேன். மறுநாள் அண்ணி இருந்த இடத்தில் சுண்ணாம்பு. நீயே அடித்திருந்தாய்.

அப்புறம் நடந்ததுதான் கூத்து. சேலையில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்று கோர்த்து நெய்ய இரண்டு ஆள் வேண்டும். நம் தெருவில் அது தெரியாதவர் யார்? "இன்னாப்பா, ஒத்த ஆளா கோர்வை போட்டுக்கினு இருக்குற? உனக்கு நாலு கையா?" என்று போகிறவன் வருகிறவனெல்லாம் கேட்டான். மானத்தைக் காப்பாற்றப் போய் மானம் கப்பலேறியது. அப்போதாவது புத்தி வந்ததா? "அந்த எடத்துல ஒரு ஆம்பளையக் குந்த வெச்சிடு" என்று வந்து நின்றாய். முடியாது என்றேன். அந்த வெள்ளைத் திட்டு நீ போகும்வரை அப்படியே கிடந்தது.

உன் துக்கத்துக்கு வந்தவர்கள், "ஒண்டியா ஒழைச்ச மனுஷன்" என்று அழுதார்கள். தறியில் உட்கார்ந்து உட்கார்ந்தே ஒரு தோள் இறங்கிப்போன அண்ணி, அதையும் கேட்டுக்கொண்டு இருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இன்று சுரண்டி முடித்துவிட்டு, "பழையபடியே போடட்டுமா அண்ணி?" என்றேன். சுவரருகே வந்து துரையைக் காட்டினாள்.

"போடும்மா. ஆனா துரைய மொறைக்க வேணாம். அவன நான் பாத்ததுகூட இல்ல. மூஞ்ச உங்க அண்ணன் பக்கம் திருப்பு."

திருப்பிவிட்டேன். உன்மேல் கோபம் எனக்கு மட்டும்தான் என்று இத்தனை வருஷம் சுமந்துகொண்டிருந்தேன். அவளுடையதற்கு முன்னால் என்னுடையது தூசு. நீ இருக்கும்போதே அவள் இதைச் சொல்லியிருக்கலாம். சொல்ல விட்டாயா, அண்ணா?