தலைத்துண்டில் தைத்த பின்னல்

மச்சாள்,

இன்று அலுமாரியின் அடித்தட்டை ஒதுக்கும்போது உன் பின்னல் கைக்கு வந்தது. பூச்சி உருண்டை மணத்தையும் மீறி, நீ தேய்க்கும் தேங்காயெண்ணெய் மணம் அதில் இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நீலத் தலைத்துண்டில் கறுப்பு நூலால் நெருக்கித் தைத்த உன் சொந்த முடி. எடுத்த வேலையை அப்படியே போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். உன் அண்ணன் எட்டிப் பார்த்தார். பின்னலைக் கண்டதும் தேத்தண்ணி ஊற்றப் போய்விட்டார்.

உனக்கு மார்பில் வந்திருப்பது புற்றுநோய் என்று சொன்னபோது, கொழும்புக்கு உன்னைக் கூட்டிப்போவது யார் என்ற பேச்சு வந்தது. உன் கணவர் வெளிநாட்டில். சண்டைக் காலம்; உன் அண்ணன் வந்தால் சோதனைச்சாவடியில் ஆமிக்காரர் இறக்கி வைத்துக்கொள்வார்கள் என்று பயம். கடைசியில் வாய்க்காரி நான் வந்தேன். மருந்து ஏற்றும் ஒவ்வொரு தவணைக்கும் பெரியகல்லாற்றிலிருந்து விடியமுன் புறப்படுவோம். எனக்குப் பாதை நெடுகக் கோபம். பாதையை மறித்தவனைத் திட்டுவேன், பஸ்ஸைத் திட்டுவேன், சாமியையும் விடமாட்டேன். நீயோ வாந்தி எடுத்து முடித்து வாயைத் துடைத்துக்கொண்டு, "யன்னல் பக்கம் இடம் தந்திச்சே அந்தப் புள்ள, நல்லா இரிக்கோணும்" என்பாய். எனக்கு எரிச்சலாக வரும்.

"ஓம்கா, சுடுகாட்டுல நிழல் கிடைச்சாலும் நீ வெட்டியானக் கும்பிடுவாய்" என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். மச்சாள் முறைக்கு எதையும் சொல்லலாம்.

மருந்து தொடங்குமுன்னே, கொட்டப்போகிற முடிதானே என்று பின்னலை அடியோடு வெட்டி எடுத்து வைத்தாய். கொட்டியது போக மிச்சம் கட்டை கட்டையாக நின்றது. கட்டை முடியோடு ஒரு இளம்பெண்ணைக் கண்டால் ஆயுதம் தூக்கிய இயக்கத்துப் பிள்ளையோ என்று பிடித்து வைக்கும் காலம் அது. அதனால்தான் பின்னலைத் துண்டில் தைத்தாய். கட்டிக்கொண்டு வந்து முற்றத்தில் நின்று தலையை ஆட்டிக் காட்டினாய். பக்கத்து வீட்டுக்காரிகூட ஏமாந்தாள்.

வாழைச்சேனைக்கு அப்பால் இருந்த சோதனைச்சாவடியில்தான் அது நடந்தது. பெண்களைச் சோதிக்கும் தகரக் கொட்டிலுக்குள் உனக்குப் பின்னால் நான் நின்றேன். சீருடைப் பெண் உன் தோளைத் தட்டி, முதுகைத் தடவி, பின்னலையும் பிடித்துப் பார்த்தாள். பின்னலும் துண்டும் ஒன்றாக அவள் கையோடு வந்துவிட்டன. பாம்பைத் தொட்டவள் போல உதறிவிட்டுக் கத்தினாள். கட்டை முடியே சந்தேகம். மறைத்து வைத்த கட்டை முடி என்றால் கேட்கவா வேண்டும்? உன்னை உள்ளே இருத்திக்கொண்டு என்னை வெளியே தள்ளினார்கள். பஸ்ஸைப் போகச் சொன்னார்கள். மறுநாள் காலையில் உனக்கு மருந்து ஏற்ற வேண்டும். அதைவிட, உள்ளே கூப்பிட்ட பிள்ளைகள் எத்தனையோ பேர் வெளியே வராமல் போன காலம்.

ட்ரைவரிடம் கெஞ்ச வாயெடுத்தேன்; குரல் வரவில்லை. ஊரையே திட்டும் எனக்கு அன்று வாய் அடைத்துவிட்டது. அவராகவே எஞ்சினை நிறுத்தினார். பின் சீட்டடியில் ஐஸ் போட்ட இறால் பெட்டிகளோடு முஸ்லிம் ஒருவர் இருந்தார்; அண்ணன் முறைக்கு எல்லாரும் காக்கா என்றார்கள். ஏறியதிலிருந்து நேரம் போகுது, ஐஸ் உருகுது என்று புறுபுறுத்தவர். முதலில் இறங்கியவர் அவர்தான்.

"காக்கா, உங்கட எறால்?" என்றான் கண்டக்டர்.

"பழுதாப் போனாப் போகட்டும் தம்பி. நோயாளிப் புள்ளைய உட்டுட்டு எப்பிடிப் போற?"

உன் ஆஸ்பத்திரிச் சீட்டை என்னிடம் வாங்கிக்கொண்டு போய், அவர்களோடு சிங்களத்தில் பேசினார். போகச் சொன்னார்கள், போகவில்லை, திரும்பவும் பேசினார். மற்றவர்களும் ஒவ்வொருவராக இறங்கி வெயிலில் நின்றார்கள். பஸ்ஸை எடு என்று ஒருவரும் சொல்லவில்லை. பெட்டிகளில் உருகிய தண்ணீர் படியால் வழிந்துகொண்டிருந்தது.

வெயில் சாயும்போது நீ வெளியே வந்தாய். தலையில் துண்டு இருந்தது, பின்னல் ஒருபக்கம் இழுபட்டுக் கிடந்தது. உன் மார்பில் சத்திரசிகிச்சை செய்த காயத்தைப் பார்த்த பிறகு, அந்தச் சீருடைப் பெண் தன் கொண்டையிலிருந்த கிளிப்புகளைக் கழற்றி உன் துண்டைக் குத்திவிட்டாளாம். என் வாய் திரும்பவும் திறந்துகொண்டது.

"மானத்த வாங்கிப்போட்டுக் கிளிப் குத்தி விடுறாளாமா?"

நீ தலையைத் தடவிப் பார்த்தாய். "கோணலாத்தான் குத்தியிரிக்காள். ஆனா அவள்ட கை நடுங்கிச்சுகா" என்றாய்.

மறுநாள் மருந்து ஏறியது. பிறகும் பல தவணை போய் வந்தோம். நோய்தான் விடவில்லை. கடைசி மாதத்தில் உன் கால்களை மடியில் வைத்து எண்ணெய் தடவும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. "இவ்வளவு அலைஞ்சும் ஒண்டும் கிடைக்கல்லயே மச்சாள்" என்றேன்.

நீ கண்ணைத் திறக்காமலே சொன்னாய்: "எறாலப் பழுதாக்கிப்போட்டு எனக்காக வெயிலுக்க நிண்ட மனிசன, சுகமா இருந்திருந்தா நான் கண்டிருப்பனா? நீ எண்ட காலப் புடிப்பாய் எண்டுதான் ஆருக்குத் தெரியும்?"

அன்று எனக்கு அது விளங்கவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். விளங்கியது, பிடிக்கவில்லை. உன்னைக் கொடுத்துவிட்டு யாருடைய நல்ல மனதையும் வாங்கிக்கொள்ள நான் ஆயத்தமாக இருக்கவில்லை. இன்றும் இல்லை.

ஆனாலும் பின்னேரம் விளக்கு வைக்கும்போது, உன்னைக் கொண்டுபோனதற்காகச் சாமியோடு சண்டை தொடங்கினால், வெயிலில் நின்ற அந்த முகங்கள் வந்துவிடுகின்றன. ஒருவர் பெயரும் கேட்டு வைக்கவில்லை. இறால்காரர் நல்லா இருக்க வேண்டும், ட்ரைவர் நல்லா இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொள்கிறேன். கிளிப் குத்தியவளையும் அதில் சேர்க்க எனக்குக் கனகாலம் பிடித்தது. இப்போது சேர்க்கிறேன். உன் பெயரைக் கடைசியில்தான் சொல்வேன், மச்சாள். அதற்குப் பிறகு யாரைச் சொல்லவும் எனக்குக் குரல் இருப்பதில்லை.